நாய்ப் பண்ணையில் நோட்டு எழுதுவது எப்படி, டாக்டரை எப்போது கூப்பிடுவது

பொட்டை நாயைக் கடுவனோடு, அதாவது ஆண் நாயோடு, சேர்த்த தேதியை எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தினசரி காலண்டரின் அட்டையில்தான் எழுதி வைப்போம். டிசம்பர் தொடக்கத்தில் சேர்த்தது. ஜனவரி 1 அன்று புதுக் காலண்டர் வந்ததும் பழைய அட்டை தவிட்டு டிரம்முக்கு மூடியாகிவிட்டது. ஈரம் பட்டு மை பரவியதில் அது 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. எட்டுதான் என்று நானே முடிவு செய்துகொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஏழு குட்டியில் மூன்றுதான் உயிரோடு இருந்தது.

அதற்கப்புறம்தான் நோட்டுப் போட ஆரம்பித்தோம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்க்கிறோம், அதனால் உதாரணங்கள் அந்த நாய்களை வைத்துத்தான் வரும், மற்றபடி லாப்ரடார் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். பலரும் நினைப்பது போல நோட்டு என்பது அதிகாரி வந்தால் காட்டவோ குட்டி வாங்க வருபவரை அசத்தவோ அல்ல. நாளைக்குக் காலையில் டாக்டரிடம் போக வேண்டுமா, இன்னொரு நாள் பார்க்கலாமா என்று முடிவெடுக்க உதவினால்தான் அது நோட்டு.

ஒரு நாய்க்கு ஒரு நோட்டு

எல்லா நாய்க்கும் சேர்த்து ஒரே நோட்டு போட்டால் ஆறு மாதத்தில் எதையும் தேடி எடுக்க முடியாது. கெட்டி அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு, நாய்க்கு ஒன்று. முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன், எங்கிருந்து வந்தது, உடம்பில் உள்ள மச்சம் தழும்பு, தோலுக்கடியில் போடும் அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண். சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கரில் ஒன்றை அங்கேயே ஒட்டிவிடுங்கள், கையால் எழுதினால் ஒரு எண் இடம் மாறும். போடுவதற்கு முன் சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், போட்ட பிறகும் ஒரு முறை. வருடத்துக்கு ஒரு தடவை தடுப்பூசிக்குப் போகும்போதும் ஸ்கேன் செய்து பார்த்துவிடுவது நல்லது, சிப் தோலுக்கடியில் நகர்ந்து தோள்பட்டைக்குப் போயிருக்கலாம்.

இரண்டாம் பக்கம்தான் பலரும் விட்டுவிடும் பக்கம். நாய் நன்றாக இருக்கும்போது அதன் எடை, வெப்பம், ஈறின் நிறம், முடிந்தால் ஒரு முழு ரத்தப் பரிசோதனை. நல்லாயிருக்கிற நாய்க்கு எதற்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று அப்பாவே கேட்டார். கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களுக்கு மற்ற நாய்களைவிட ரத்தச் சிவப்பணு கூடுதலாகவும் தட்டணு (பிளேட்லெட்) குறைவாகவும் இருப்பதே இயல்பு. நம் சிப்பிப்பாறை, கன்னிக்கும் அதே உடல்வாகுதான். உண்ணிக் காய்ச்சலில் முதலில் சரிவது தட்டணு. அந்த நாயின் சாதாரண அளவு எது என்று தெரியாமல் லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்த பொது அளவோடு ஒப்பிட்டால், இல்லாத காய்ச்சலுக்கு மருந்து போடவும் வாய்ப்புண்டு, இருக்கிற ரத்தசோகையைக் கவனிக்காமல் விடவும் வாய்ப்புண்டு. இதே பக்கத்தில் சிவப்பு மையில் ‘கொழுப்பு குறைந்த ஓட்ட நாய், மயக்க மருந்து கொடுக்கும் முன் கவனிக்கவும்’ என்று எழுதி வையுங்கள். தயோபென்டோன் போன்ற மயக்க மருந்திலிருந்து இந்த வகை நாய்கள் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும். ராத்திரி 2 மணிக்கு சிசேரியனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அதைச் சொல்ல உங்களுக்கு ஞாபகம் வராது.

செல்போனில் ஆப் வைத்து எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிரசவ நேரத்தில் கை முழுக்க ரத்தமும் தண்ணியுமாக இருக்கும்போது போன் லாக் திறக்காது. நோட்டில் எழுதி, ராத்திரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.

தடுப்பூசி

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும் வரை. ‘ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்’ என்று நிறுத்துவதுதான் பார்வோ என்கிற ரத்தக் கழிச்சல் நோய் வரும் வழி. தாயிடம் குடித்த சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை அது ஊசி மருந்தையும் சேர்த்தே அடக்கிவிடும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈத்தில் பிறந்தவற்றுக்கேகூட. அந்த இடைவெளியைத் தவறவிடாமல் பிடிக்கத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய் ஊசி 3 மாதத்தில், அப்புறம் டாக்டர் சொல்லும் பூஸ்டர். எலி இருக்கும் இடமென்றால் எலிக்காய்ச்சல் ஊசியை வருடம் தவறாமல் போட வேண்டும், நாய்ப் பண்ணையில் தீவனம் இருக்கும், தீவனம் இருந்தால் எலி இருக்கும்.

எழுத வேண்டியது தேதி மட்டும் அல்ல. மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரை அப்படியே உரித்து ஒட்டினால் கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் வந்துவிடும். பக்கத்தில் டாக்டர் கையெழுத்து. மருந்துக் கடையில் புட்டியை வாங்கி நாமே குத்திவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், மே மாத வெயிலில் பஸ்ஸில் சட்டைப்பையில் கொண்டுவந்தேன். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து அது. ஊசி போட்டேன் என்று நோட்டில் இருந்தது, குட்டிக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி இல்லை.

இன்னொன்று, தடுப்பூசிப் புத்தகம் குட்டியோடு வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடும். உங்களிடம் எதுவும் மிஞ்சாது. அதனால் தாயின் நோட்டில் அந்த ஈத்துக்கென ஒரு பக்கம் ஒதுக்கி அதிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஒரு புட்டிக்கு இரண்டு ஸ்டிக்கர் வரவில்லையென்றால் எண்ணை எழுதுங்கள்.

பூச்சி மருந்து, உண்ணி

குட்டிக்கு 2, 4, 6, 8 வாரத்தில் குடற்புழு மருந்து, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒன்று. அதே நாளில் தாய்க்கும். உருளைப்புழு கருவிலிருக்கும்போதே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப்புழு பாலில் போகும், அதனால் குட்டிக்கு மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. எழுதும்போது ‘பூச்சி மருந்து கொடுத்தது’ என்று எழுதாதீர்கள். மருந்தின் பெயர், ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி., அன்றைய எடை, கொடுத்த அளவு. நாலும் இருந்தால்தான் அடுத்த முறை கழிச்சலில் புழு தெரியும்போது மருந்து வேலை செய்யவில்லையா, நாம் குறைத்துக் கொடுத்தோமா என்று சொல்ல முடியும். எடை போடாமல் கண் மதிப்பில் கொடுப்பவர்கள்தான் அதிகம், எல்லாரும் குறைத்தே மதிப்பிடுவோம்.

உண்ணிக்கு நாயை மட்டும் பார்க்காதீர்கள். நம் ஊர்க் கூண்டுகளில் வரும் பழுப்பு உண்ணி சுவர் இடுக்கிலும் கூரைத் தகரத்தின் மடிப்பிலும்தான் முட்டை வைக்கும். கூண்டுக்கு மருந்து அடித்த தேதியும் நோட்டில் வர வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரை, டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் எதுவும் நாய்க்கு ஆகாது, காய்ச்சல் நாய்க்கு அதைக் கொடுத்து வயிறு புண்ணாகி வந்த நாய்களை டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

சேர்ப்பதற்கு முன்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத நாயைச் சேர்க்கக் கூடாது, சேர்ப்பதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே கால்நடை மருத்துவரிடம் ஆரோக்கியச் சான்று வாங்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் குட்டி எடுக்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, 8 வயதுக்கு மேல் கூடாது. தாய், தகப்பன், தாத்தா பாட்டி, கூடப் பிறந்தது, ஒரே தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தது, இவற்றோடு சேர்க்கவே கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இதில் எதைக் கடைப்பிடித்தேன் என்று காட்டுவதற்கும் தேதி போட்ட நோட்டு ஒன்றுதான் வழி. நாட்டு நாய்களில் ரத்த வழி ஏற்கெனவே குறுகிப்போயிருக்கிறது, தாத்தா பெயர் தெரியாமல் கடுவன் தேடினால் சுற்றிச் சுற்றி ஒரே வீட்டுக்குத்தான் வந்து நிற்போம்.

டாக்டர் சான்று என்பது வெறும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதோடு முடிய வேண்டாம். புருசெல்லா ரத்தப் பரிசோதனை கேளுங்கள், கடுவன் பொட்டை இரண்டுக்கும். சினையாகி 45 முதல் 55 நாளுக்குள் காரணமில்லாமல் கரு கலைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். முழுசாகக் குணமாகும் என்று நம்பிச் சொல்லும்படியான வைத்தியம் இல்லை, மனிதருக்கும் தொற்றும், கலைந்து விழுந்ததைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அடுத்து, பிறப்புறுப்பில் காலிப்ளவர் போல வளரும் கட்டி. தெரு நாயோடு ஒரு தடவை கூடினாலே ஒட்டிக்கொள்ளும், வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் ஆறிவிடும், ஆனால் கடுவனுக்குத் தோல் உறைக்குள் ஒளிந்திருப்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ‘என் கடுவன் சுத்தம்’ என்று உரிமையாளர் சொல்வதை நோட்டில் எழுத முடியாது.

பருவத்தின் முதல் நாள் ரத்தம் கண்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினோராம் நாள் பதின்மூன்றாம் நாள் என்று வாய்க்கணக்கு வைத்துச் சேர்ப்பது சில நாய்களுக்கு ஒத்துவரும், சிலது ஏழாம் நாளே தயாராகும், சிலது இருபதுக்கு மேல். இரண்டு முறை சினை பிடிக்காமல் போன பொட்டைக்கு மூன்றாவது தடவையாவது புரொஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அளவு ஒரு மி.லி.க்கு 5 நானோகிராம் தாண்டும்போது முட்டை வெளிவருகிறது என்று பொருள், அங்கிருந்து எண்ணினால் பிரசவம் 63 நாள், ஒரு நாள் முன்னே பின்னே. சேர்த்த தேதியிலிருந்து எண்ணினால் 57இலிருந்து 72 வரை எங்கும் விழலாம். அந்தப் பதினைந்து நாள் வித்தியாசத்தில்தான் நான் கல்யாணத்துக்குப் போனேன்.

சினை

25ஆம் நாளுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தால் சினை தெரியும். எத்தனை குட்டி என்று ஸ்கேனில் சரியாகச் சொல்ல முடியாது, அதற்கு 55ஆம் நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே. எண்ணிக்கை தெரிந்தால்தான் பிரசவம் முடிந்ததா, உள்ளே ஒன்று சிக்கியிருக்கிறதா என்று தெரியும்.

சினை நாய்க்கு கால்சியம் டானிக் ஊற்றுவது நம்மிடையே ஒரு சடங்கு போல ஆகிவிட்டது. சினையாக இருக்கும்போது தேவைக்கு மேல் கால்சியம் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மறந்துவிடும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் முழுவீச்சில் சுரக்கும்போது ரத்தத்தில் சட்டென்று கால்சியம் இறங்கி வலிப்பு வரும். அப்போது நாய் விடாமல் மூச்சிரைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், கால் விறைத்து நடக்கும், உடம்பு நடுங்கி நெருப்பாகக் கொதிக்கும். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும், நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றுவது இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே அவர் செய்ய வேண்டிய வேலை. போன ஈத்தில் ஒரு நாய்க்கு இது வந்திருந்தால் அடுத்த ஈத்திலும் வர வாய்ப்பு அதிகம், அதைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

57ஆம் நாளிலிருந்து காலை மாலை வெப்பம் பாருங்கள், ஆசனவாயில், நாய்க்கென்று தனித் தெர்மாமீட்டரில். (எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு இருந்து பெரிய சண்டையே வந்தது, இப்போது நாயுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.) வழக்கமாக 101, 102 பாரன்ஹீட் காட்டும். 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். இறங்கி, ஒரு நாள் தாண்டியும் வலி எடுக்கவில்லையென்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

பிரசவ ராத்திரி

ஒரு தாளில் கோடு போட்டுக் கூண்டுக்கு மேலே ஆணியில் மாட்டிவிடுவோம், பேனாவைக் கயிற்றில் கட்டி. குட்டி வந்த மணி, ஆணா பெண்ணா, எடை, அடையாளம், நஞ்சுக்கொடி விழுந்ததா. அவ்வளவுதான். மணியை எழுதுவதன் அருமை நாலாவது குட்டிக்கு அப்புறம்தான் தெரியும். தூக்கக் கலக்கத்தில் அரை மணி நேரம் பத்து நிமிஷமாகத் தோன்றும், இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகத் தோன்றும்.

நன்றாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லை, உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரமாக அசைவில்லை, முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சையாகத் தண்ணீர் வருகிறது, இதில் எது நடந்தாலும் வண்டியை எடுங்கள். வலி வர ஊசி போட்டுவிடுகிறேன் என்று வரும் ஆளிடம் நாயைக் கொடுக்காதீர்கள். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது ஆக்சிடோசின் போட்டால் கர்ப்பப்பை கிழியும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் போட்டதில் ஒரு நல்ல கோம்பைப் பொட்டை போனது.

தராசு

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். சமையலறையில் பயன்படுத்தும் டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் காட்டுவது, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா. குட்டிகளுக்குக் கழுத்தில் வண்ண வண்ணக் கம்பளி நூல், தளர்வாக, இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றிக் கட்ட வேண்டும், கழுத்து வளரும். முதல் இரண்டு வாரம் காலை மாலை எடை, அப்புறம் தினம் ஒரு முறை.

பிறந்த முதல் நாள் எடை கொஞ்சம் குறையலாம், பத்தில் ஒரு பங்கு வரை. அதன் பிறகு தினமும் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும், பத்து நாள் வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்காகிவிட வேண்டும். எங்கள் ராஜபாளையம் ஈத்து ஒன்றின் பக்கம் இப்படி இருக்கிறது. சிவப்பு நூல்: 430, 425, 450, 480, 510. பச்சை நூல்: 410, 400, 398, 398, 390. பச்சை நூல் குட்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மடியிலேயே கிடந்தது, கத்தவில்லை. பால் குடிக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னோம். காம்பை வாயில் வைத்திருந்ததே தவிர உறிஞ்சவில்லை, வாயைத் திறந்து பார்த்தால் மேலண்ணத்தின் பின்பக்கம் ஒரு சின்னப் பிளவு. எண்கள் ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டன, நாங்கள்தான் தாமதமாகப் படித்தோம்.

எடை ஏறாத குட்டிக்கு அவசரப்பட்டுப் புட்டிப்பால் ஊற்றாதீர்கள். முதலில் உடம்பு சூடு பாருங்கள். முதல் வாரக் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, 94 பாரன்ஹீட்டுக்குக் கீழே போன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே தங்கிப் புளிக்கும் அல்லது புரையேறும். மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சூடேற்றி அப்புறம் பால். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் பல்பு தொங்கட்டும், மறு ஓரம் குளிர்ச்சியாக இருந்தால் சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும்.

காது

இது வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு. பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு, மறைத்துப் பேசுவதால்தான் அது தொடர்கிறது. இரண்டு வாரத்தில் காது திறக்கும், ஐந்தாவது வாரத்தில் ஒவ்வொரு குட்டியையும் தனியாக எடுத்துப் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள், காற்றும் நிழலும் படாமல். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது சோதித்தால் செவிட்டுக் குட்டியும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காததை இந்தச் சோதனை காட்டாது, அதற்கு மூளை அலையைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். எத்தனை குட்டியில் எத்தனை செவிடு என்பதைத் தாய் நோட்டிலும் தகப்பன் நோட்டிலும் எழுதுங்கள். இரண்டு ஈத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கலாமா என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கும்.

பார்வோ வந்துவிட்டால்

வாந்தி, சோர்வு, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். முதல் குட்டி வாந்தி எடுத்த மணியை எழுதிவிட்டு அதைப் பிரித்துத் தூரமாக வையுங்கள். பினாயில் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. முதலில் சோப்புப் போட்டு அழுக்கு போகத் தேய்த்துக் கழுவி, பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்யவே முடியாது, கிருமி மாதக்கணக்கில் அங்கே உயிரோடு இருக்கும். எந்தக் கூண்டில் வந்தது என்பதையும் எழுதி, அங்கே ஊசி முடியாத குட்டியை ஒரு வருடம் ஆகும் வரை விடாதீர்கள். வேலை வரிசையும் முக்கியம்: முதலில் குட்டிகள், அப்புறம் பெரிய நாய்கள், கடைசியில் நோய்க் கூண்டு, அதற்குத் தனிச் செருப்பு. வெளியிலிருந்து வரும் புது நாய்க்கும் குறைந்தது இரண்டு வாரம் தனிக் கூண்டு, எவ்வளவு தெரிந்தவர் கொடுத்ததாக இருந்தாலும்.

செத்த குட்டி

உடனே புதைக்காதீர்கள். பாலித்தீன் பையில் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, உறைய விடாமல், அன்றைக்கே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். எங்களுக்குப் பக்கம் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி. தாய்க்கு எப்போது ஊசி போட்டது, எத்தனையாவது ஈத்து, முதலில் எந்தக் குட்டிக்கு என்ன வந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள், நோட்டையே எடுத்துப் போய்விடுங்கள். முடிவு வந்ததும் அதைத் தாயின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள், குட்டியின் பக்கத்தில் எழுதினால் அந்தப் பக்கத்தை இனி யாரும் திறக்கப்போவதில்லை.